மணமகளின் படம் ஓர் அமானிதம்

உங்கள் இல்லத்தில் திருமணம் பேசி முடித்தாயிற்று. மண்டபம் பிடித்தாயிற்று, பண்டாரியிடம் சொல்லியாயிற்று, பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது. "போட்டோவுக்கு யார்?" என்ற கேள்வி மட்டும் கடைசியில் எழும். யாராவது ஒரு மச்சான், "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும். பிரியாணிக்கு எந்த அரிசி என்று மூன்று நாள் ஆலோசிக்கும் நாம், நம் பெண்ணின் முகம் யாருடைய பெட்டிக்குள் போய்ச் சேரும் என்று மூன்று நிமிடம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சகோதரியே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு என் ராத்தாவின் நிக்காஹ் நடந்தது. கடைத்தெருவிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து படம் எடுத்தார். பெண்கள் பகுதிக்குள் அவர் இருந்தது பத்து நிமிடந்தான். உம்மாவும் மாமியும் பக்கத்திலேயே நின்றார்கள். குறை சொல்ல ஏதுமில்லை. ஒன்றரை மாதம் கழித்து, அஸர் தொழுதுவிட்டுத் திரும்பிய வாப்பா, அந்த ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியில் ராத்தாவின் முகத்தைக் கண்டார்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வீதியைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். வாப்பா சண்டை போடவில்லை. விலை கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். நெகடிவைக் கேட்டதற்கு, "அது எங்களுடையது" என்று பதில் வந்ததாம். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். நல்ல படம் ஒன்றை எடுத்துவிட்ட பெருமை அவருக்கு. ஆனால், ராத்தா அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேமராவின் முன் நிற்கவேயில்லை. கடவுச்சீட்டுக்காக ஒரு முறை நின்றதைத் தவிர.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் கண்ணாடி அலமாரிதான் காரணம். 2003 முதல் மணப்பெண்களைப் படமெடுத்து வருகிறேன். "பெண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களே பிறகு தங்கள் மகளுக்காக என்னைத் தேடி வந்ததும் உண்டு.

இது புதுமையும் அன்று. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லாலா தீன் தயாள், 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். சுற்றிலும் உயர்ந்த மதில்கள். படம் எடுப்பவர் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. உதவியாளர்கள் அனைவரும் பெண்கள். கோஷாவில் இருந்த சீமாட்டிகள் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பாலஸ்தீனத்திலும் கரீமா அப்பூத் என்ற கிறித்தவப் பெண்மணி, 1940இல் மறையும் வரை, இதையே தொழிலாகக் கொண்டிருந்தார். தம் படங்களில் 'பெண் புகைப்படக் கலைஞர்' என்றே முத்திரை குத்துவார். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ வீடுகளின் உட்கதவுகள் அவருக்குத் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சகோதரிகளே, பெண் எடுக்கிறாள் என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் நான் கேமராவுடன் நேரே மண்டபத்துக்குப் போய் நிற்பேன். மணமகள் என்னைப் பார்த்ததும் விறைத்துப்போவாள். இப்போது நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்பே கேமரா இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன். எல்லாக் கேள்விக்கும் உம்மாவே பதில் சொல்வார்கள், மாமி திருத்துவார்கள், மணமகள் தலை குனிந்திருப்பாள். ஒரு கோப்பைத் தேநீர் முடிந்ததும், "பிள்ளையோடு பத்து நிமிடம் தனியாகப் பேசலாமா?" என்று கேட்டுக்கொள்வேன். அந்தப் பத்து நிமிடந்தான் என் தொழில். மற்றதெல்லாம் பொத்தானை அழுத்துவது.

"எப்படிப் படம் வேண்டும்?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் பதில் சொல்லமாட்டாள். "எந்தப் படம் வேண்டாம்?" என்று கேட்டால் சொல்லத் தொடங்குவாள். அழும்போது எடுக்கவேண்டாம் என்பாள் ஒருத்தி. முக்காடு இல்லாமல் ஒன்றுகூட வேண்டாம் என்பாள் இன்னொருத்தி. ஒரு பெண், தன்னை வளர்த்த உம்மும்மா படுக்கையில் இருப்பதாகவும், அவரால் மண்டபத்துக்கு வர இயலாது என்றும் சொன்னாள். வீட்டார் யாருக்கும் அது படத்துக்குரிய செய்தியாகத் தோன்றவில்லை. நிக்காஹ் அன்று மண்டபத்துக்குப் புறப்படும் முன் அந்தக் கட்டிலருகே அவளை உட்கார வைத்து எடுத்தேன். ஆல்பத்தில் அவள் கேட்டு வாங்கிய முதல் படம் அதுதான். படமே வேண்டாம் என்று மணமகள் சொன்ன வீடுகளும் உண்டு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, துஆச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

தொழிலில் கற்ற ஒன்றிரண்டையும் சொல்லிவிடுகிறேன். மருதாணிக் கையை இட்ட இரவே எடுக்கச் சொல்வார்கள். அப்போது அது வெறும் ஆரஞ்சு நிறந்தான். ஒரு நாள், இரண்டு நாள் ஆறினால்தான் சிவப்பு ஊறும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கருகமணி கட்டும் நேரத்தில், அந்தச் சரிகைப் புடவை மீது ஃபிளாஷை நேராக அடித்தால் சரிகைதான் தெரியும், பெண் தெரியமாட்டாள். சன்னலோரம் உட்கார வைத்தால் போதும். வருமானம் எப்படி என்று கேட்கிறீர்களா? ரமலானில் வேலையே இராது. நம் ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், ஓய்வு மாதமும் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டே வரும். உதவிக்கு வரும் இரண்டு பெண்களையும் இரவில் வீடு சேர்க்கும் வாடகை வண்டிச் செலவு என்னுடையது. அதைக் கூலியில் சேர்த்துச் சொல்ல எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

இனி அமானிதத்துக்கு வருவோம். வாப்பாவுக்கு அன்று தெரியாத ஒன்று உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நெகடிவ் எவர் பெட்டியில் கிடந்தாலும், அதைப் பெரிதாக்கிப் படியெடுக்கும் உரிமை வாப்பாவினுடையதே. ஆகவே முன்பண ரசீதில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். 'விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்' என்றிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். சட்டம் பணம் கொடுத்தவரைத்தான் பார்க்கிறது. அது பெரும்பாலும் தகப்பனார். முகமோ மகளுடையது. அதனால் என் ரசீதில் மணமகளின் கையொப்பத்துக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். தன் பெயரை அதில் எழுதும்போது சில பெண்களின் முகத்தில் வரும் மலர்ச்சியைப் படமெடுக்க எனக்கு ஆசைதான். அப்போது கையில் கேமரா இராது.

கண்ணாடி அலமாரி இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நான் எத்தனைப் பக்குவமாக எடுத்தாலும், பெண்கள் பகுதியில் ஒரு விருந்தாளி கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் தீர்ந்தது. வாசலில் வயதான மாமி ஒருவரை உட்கார்த்தி, "பிள்ளையைப் படம் எடுக்காதீங்கம்மா" என்று சொல்ல வைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. கேமராவின் அட்டையில் அழித்துவிட்டேன் என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அழித்த படத்தின் மேல் வேறு படம் பதியும் வரை அதை மீட்டெடுக்க இயலும். பழுதுக்கும் விற்பனைக்கும் போகும் கேமராவிலிருந்து அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னால் காக்க முடியாத ஓர் இடமும் உண்டு. ஆல்பம் அச்சிடும் கூடத்தில் வேலை செய்பவர்கள் ஆண்கள். இதை முதல் சந்திப்பிலேயே மணமகளிடம் சொல்லிவிடுவேன். வெளியே போகக்கூடாத படங்களை அவளே பிரித்துத் தருவாள். அவற்றை என் வீட்டுச் சிறிய இயந்திரத்தில் அச்சிட்டுத் தருகிறேன். தரம் சற்றுக் குறைவுதான். இதைக் கேட்டு வேறிடம் போனவர்கள் உண்டு. அதிகம் பேர் இதைக் கேட்ட பிறகுதான் நாளைக் குறித்தார்கள்.

2018இல் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ். நான்தான் படமெடுத்தேன். மகள் கூப்பிட்டதும் ராத்தா வந்து, ஓரமாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு படம். முடிந்ததும் கையை நீட்டி, "அந்த அட்டையை என்னிடம் கொடு" என்றார்கள். பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்றேன். வேண்டாம், மகளின் படங்களை மட்டும் எடுத்துக்கொள் என்றார்கள். அப்படியே செய்தேன். அதைப் போட்டுப் பார்க்க ராத்தாவிடம் ஒரு கருவியும் கிடையாது. பீரோவில், செய்தித்தாள் சுற்றிய அந்தப் பழைய சட்டத்தின் மேல் வைத்திருக்கிறார்கள்.