ஒரு ஷட்டர் திறந்திருந்தாலே போதும்... உங்க கிளவுட் சர்வருக்குள்ள கடல் புகுந்துடும்!

நாகப்பட்டினம் மாதிரி கடைமடை ஊர்க்காரர்களுக்கு ஷட்டர் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைமடை இயக்கு அணை இருக்கும். மழைக்காலத்தில் வயலில் தேங்கும் தண்ணீர் கடலுக்கு வடியணும். அதே நேரம், ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணி ஆற்றுக்குள் ஏறக் கூடாது. எந்தத் தண்ணீர், எந்தப் பக்கம், எப்போது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கிளவுடில் சர்வர் எடுப்பவர்களுக்கும் அதே வேலைதான். அங்கே ஷட்டரின் பெயர் ‘நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்’. அமேசானில் வெறும் ‘செக்யூரிட்டி குரூப்’.

கல்லூரி ஃபைனல் இயர் புராஜெக்ட்டோ, உள்ளூர்க் கடைக்குச் செய்துகொடுத்த வெப்சைட்டோ, இன்று எல்லாமே வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷினில்தான் ஓடுகிறது. அதற்கு பப்ளிக் ஐபி கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே உலகம் முழுவதிலும் இருந்து பாட்கள் வந்து தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். ‘நம்ம சின்ன சைட்டை யாரு ஹேக் பண்ணப் போறா?’ என்ற கேள்விக்கே இங்கே வேலையில்லை. பாட்டுக்குச் சின்னது பெரியது தெரியாது. திறந்திருக்கிறதா, இல்லையா... அவ்வளவுதான்.

போர்ட் என்றால் என்ன?

ஐபி என்பது வீட்டு விலாசம் என்றால், போர்ட் என்பது அந்த வீட்டின் கதவு எண். வெப்சைட் பார்க்க 80, 443. லினக்ஸ் மெஷினை தூரத்திலிருந்து இயக்க 22. விண்டோஸ் மெஷினின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு 3306. இதில் ஊருக்கே திறந்துவைக்க வேண்டியது முதல் இரண்டு மட்டும்தான். மற்றதெல்லாம் வீட்டு ஆட்களுக்கான கொல்லைப்புறக் கதவுகள்.

யார் வருகிறார்கள், எந்தக் கதவுக்கு, எந்த புரோட்டோகாலில், விடலாமா கூடாதா? இவற்றைச் சொல்வதுதான் ஒரு விதி. உள்ளே அனுமதித்த ஆளுக்குப் பதில் அனுப்ப, வெளியே போகும் பக்கம் தனி விதி எழுத வேண்டாம். போன ஆள் திரும்பி வர வழி தானாகவே உண்டு.

சின்ன நம்பருக்குத்தான் முதல் மரியாதை

பலரும் சறுக்குவது இங்கேதான். மைக்ரோசாஃப்ட்டின் அஸூரில் ஒவ்வொரு விதிக்கும் 100 முதல் 4096 வரை ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். சின்ன எண் முதலில் பார்க்கப்படும். ஒன்று பொருந்திவிட்டால், அதற்குக் கீழே உள்ள விதிகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

உதாரணமாக, டெஸ்ட் பண்ணுவதற்காக 100-ம் எண்ணில் ‘யார் வந்தாலும், எந்த போர்ட்டுக்கும் அனுமதி’ என்று போடுகிறீர்கள். பிறகு பயம் வந்து, 200-ம் எண்ணில் ‘போர்ட் 22-க்கு அனுமதி இல்லை’ என்று சேர்க்கிறீர்கள். திரையில் தடை இருக்கும். நிஜத்தில் இருக்காது. 100-லேயே எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள்.

அமேசானில் கதை வேறு. அங்கே செக்யூரிட்டி குரூப்பில் தடை விதியே எழுத முடியாது, அனுமதி மட்டும்தான். அனுமதிக்காத எல்லாமே தடை. அதனால் ஒரே ஒரு தாராளமான அனுமதி இருந்தாலும், மற்ற விதிகள் எவ்வளவு கறாராக இருந்தும் பயனில்லை.

ஹாட்ஸ்பாட் தரும் தலைவலி

‘போர்ட் 22-ஐ என் ஐபிக்கு மட்டும் திற’ என்று சொல்வது சுலபம். ஆனால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஐபி அடிக்கடி மாறும். காலையில் எழுதிய விதி சாயங்காலம் உங்களையே வெளியே நிறுத்திவிடும். கடுப்பில் 0.0.0.0/0 என்று போட்டுவிடத் தோன்றும். அதற்கு அர்த்தம், ‘உலகத்தில் யார் வேண்டுமானாலும்’. அந்தக் கடுப்பில் போட்ட ஒற்றை வரியைத்தான் பாட்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு வழி இருக்கிறது. அஸூரில் பாஸ்டியன், அமேசானில் செஷன் மேனேஜர் போன்ற சேவைகள் மூலம் போனால், போர்ட் 22-ஐ இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். செலவு கட்டுப்படியாகவில்லையா? வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் உங்கள் அப்போதைய ஐபியைச் சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் கீ ஃபைல் வைத்து லாகின் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் கதவைத் திறந்துவைத்தால்?

2017 ஜனவரியில் உலகமே பார்த்தது. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸை இணையத்துக்குத் திறந்து, பாஸ்வேர்டும் இல்லாமல் விட்டிருந்த பல்லாயிரம் சர்வர்களில் புகுந்து, தகவல்களை அழித்துவிட்டு பிட்காயின் கேட்டார்கள். ஹாலிவுட் பட ஹேக்கிங் எதுவும் தேவைப்படவில்லை. கதவு திறந்திருந்தது, நுழைந்தார்கள்.

உள்ளே நுழைந்தவன் எவ்வளவு தூரம் போகலாம்?

வெளிக்கதவைப் பூட்டினால் மட்டும் போதுமா? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நோயாளிகள் பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் பேப்பரும் பேனாவுமாக நடந்தன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் என்கிரிப்ட் செய்யப்பட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அப்போது சொன்ன காரணம், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காதது. அவை மருத்துவமனையின் சொந்த சர்வர்கள், வாடகை கிளவுட் அல்ல. ஆனால், பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

ஏனென்றால், அஸூரில் நீங்கள் எழுதாமலே இருக்கும் விதிகளில் ஒன்று 65000. ஒரே விர்ச்சுவல் நெட்வொர்க்கில் இருப்பவை தங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறது அது. ‘மற்ற எல்லாவற்றையும் தடு’ என்ற விதி 65500-ல், அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது, வெப் சர்வரில் ஒருவன் புகுந்துவிட்டால் பக்கத்து டேட்டாபேஸின் கதவையும் தட்டலாம்.

இதைத் தடுக்க, வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் தனித்தனி சப்நெட்டில் வையுங்கள். டேட்டாபேஸ் பக்கத்தில், வெப் சப்நெட்டிலிருந்து 3306-க்கு மட்டும் 100-ல் அனுமதி. மற்ற எல்லாவற்றுக்கும் 4000-ல் தடை. வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு வைப்பது மாதிரிதான். ஒன்றில் உப்பு ஏறினாலும் அடுத்த வயல் தப்பிக்கும்.

அஞ்சு நிமிஷ செக்கப்

* 80, 443 தவிர வேறு எந்த போர்ட்டாவது ‘எனி’ அல்லது 0.0.0.0/0 என்று திறந்திருக்கிறதா?
* சின்ன எண்ணில் இருக்கும் தாராளமான அனுமதி, கீழே உள்ள தடையைச் செல்லாக்காசு ஆக்குகிறதா?
* டெஸ்ட்டுக்காகத் திறந்த விதிக்கு, யார், எதற்கு, எந்தத் தேதியில் என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்களா?
* புராஜெக்ட் முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின் ஏதாவது இருக்கிறதா?

ஒரு விதி எதற்கு இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை என்றால், அதை மூடிப்பாருங்கள். நிஜமாகவே தேவைப்படுகிறவர் ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு போன் பண்ணிவிடுவார்!