எலிப்பாலில் ஒளிந்திருந்த வைரஸ்... தெரியுமா?

மார்பகப் புற்றுநோய், தாயிடமிருந்து மகளுக்குப் பால் வழியாகவே போகும் என்று ஓர் ஆய்வகம் நிரூபித்தது தெரியுமா? பதறாதீர்கள், சுண்டெலிகளில்தான்!

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகத்தில் புற்று அதிகம் வரும் எலி வம்சமும், அரிதாகவே வரும் வம்சமும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டையும் கலந்து குட்டி போடவைத்தார்கள். தாய் புற்று வம்சமென்றால் மகள்களுக்குப் புற்று வந்தது. தந்தை மட்டும் புற்று வம்சமென்றால் பெரும்பாலும் வரவில்லை! இரு பக்கமும் மரபணுக்கள் ஒன்றுதானே, பிறகு ஏன்? அந்த ஆய்வகத்தின் ஜான் பிட்னர், பிறந்த குட்டிகளை உடனே எடுத்து, புற்று வராத வம்சத்துச் செவிலித்தாயிடம் பால் குடிக்க விட்டார். புற்று சடசடவென்று குறைந்தது! 1936-இல் அவர் அதை வெளியிட்டார். குற்றவாளி பாலில் இருந்த வைரஸ் என்பது பின்னர் தெளிவானது.

அந்த வைரஸின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். குட்டியின் குடலுக்குள் நுழைந்ததும், தன்னை அழிக்க வரும் நோய் எதிர்ப்பு அணுக்களையே தூண்டிப் பெருகவைக்கிறது. அவற்றிலேயே ஏறிக்கொண்டு மார்புக்குப் போய்ச் சேர்கிறது. எலி கருவுற்றுப் பால் சுரக்கும் காலத்தில் எழும் ஹார்மோன்களே வைரஸைப் பெருக்குகின்றன. அடுத்த தலைமுறைக்குப் பால் தயார், வைரஸும் தயார்!

மனிதர்களில்? இந்தக் கேள்வி மும்பைக்கும் வந்தது தெரியுமா? அங்குள்ள பார்சி சமூகப் பெண்களிடையே மார்பகப் புற்று அதிகம். 1971-இல் ஆய்வாளர் டான் மூர் குழுவினர், அவர்கள் சிலரின் பாலில் எலி வைரஸைப் போலவே தோற்றமளித்த துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து வைரஸ் என்று தீர்ப்புச் சொல்ல முடியாதே!

1995-இல் நியூயார்க்கில் பியாட்ரிஸ் போகோவின் குழு மனித மார்பகப் புற்றுத் திசுக்களைச் சோதித்தது. 314 கட்டிகளில் 121-இல் எலி வைரஸை ஒத்த மரபுத் துணுக்கு! வேறு சில ஆய்வகங்களும் கண்டோம் என்றன, இன்னும் சில ஒன்றுமே இல்லை என்றன. சிக்கல் எங்கே தெரியுமா? எலி டி.என்.ஏ. ஒரு துளி சோதனையில் கலந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். அதைவிட வியப்பு இது: நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழங்கால வைரஸ்களின் எச்சமே! அவற்றில் சில இந்த எலி வைரஸின் உறவுக்காரர்கள். தேடுபவரை அவையும் ஏமாற்றும்.

மனிதரில் புற்றை உண்டாக்கும் வைரஸ்கள் என உறுதியானவை ஏழு. கருப்பைவாய்ப் புற்றின் ஹெச்.பி.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மார்பகப் புற்றுக்கு அப்படி உறுதி செய்யப்பட்ட வைரஸ் இதுவரை ஒன்றும் இல்லை.

பால் கொடுக்கும் அம்மாக்களே, இதை நெஞ்சில் வையுங்கள்: 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கணக்குப்படி, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தாயின் மார்பகப் புற்று அபாயம் சுமார் 4.3 சதவீதம் குறைகிறது! எலிக் கதையைக் கேட்டுப் பால் கொடுப்பதை நிறுத்தினால் இழப்பு உங்களுக்கும் குழந்தைக்கும்தான்.

அப்படியானால் எலி வைரஸைப் பற்றிய தேடல் வீணானதா? இல்லவே இல்லை! எலி வைரஸ் எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு புற்றைக் கிளப்புகிறது என்று 1982-இல் விஞ்ஞானிகள் ரூல் நஸ்ஸும் ஹரால்ட் வார்மஸும் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு பழ ஈக்கு இறக்கை முளைக்கவும் தேவை என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. அந்த மரபணு இயக்கும் சமிக்ஞைப் பாதைதான், மனிதருக்கு வரும் பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளில் கெட்டுப்போயிருக்கிறது!