சூளை நெருப்பும் விமானத்தின் எடையும்

விருத்தாசலத்தில் செய்த, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு போட்ட பீங்கான் சாமான் ஒன்றைக் கவிழ்த்து அதன் அடியைப் பாருங்கள். மேலெல்லாம் பளபளவென்று இருக்கும்; அடி மட்டும் மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். சூளையில் அடுக்குவதற்கு முன் அந்த இடத்துக் கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார்கள். துடைக்காமல் விட்டால், 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அது உருகி, சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பொடியாகப் பூசிய சிலிக்கா சூட்டில் கண்ணாடியாகிப் பட்ட இடத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது செராமிக் தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1982-இல் ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு இன்ஜின்களையும் நடுவானில் நிறுத்தியதும் இதே சங்கதிதான்.

அந்தக் கதைக்குப் போகும் முன், விமானத்தைத் தாங்குவது எது என்று பார்த்துவிடலாம். மேலே போகப் போகப் புவியீர்ப்பு தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பயணிகள் விமானம் பறக்கும் 11 கி.மீ. உயரத்தில் அது குறைவது ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்குதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு அங்கே 200 கிராம் குறையும், அவ்வளவே. பூமி தன் பிடியை அங்கேயும் விடுவதில்லை.

முழுச் சுமையோடு கிளம்பும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் எடை 78 டன் அளவுக்கு வரும். அதன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் 640 கிலோவைத் தூக்க வேண்டும். காற்றால் இது முடியுமா? தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் காற்று சுமார் 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. இறக்கையின் மேலும் கீழும் ஒரே அளவு அழுத்தம் இருக்கும்வரை பயனில்லை. விரைந்து ஓடும் இறக்கை காற்றை வளைத்துக் கீழ்நோக்கித் தள்ளும்போது, மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது, அடிப்புறத்தில் சற்றுக் கூடுகிறது. ஆறேழு சதவீத வித்தியாசம் போதும், 78 டன்னும் எழும்பிவிடும். மேலே போகும் காற்று நீண்ட பாதையைச் சுற்றி, கீழே போன காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது என்று இன்னமும் சில புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. அது தவறு. மேற்காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது, யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இறக்கை வேலை செய்ய வேகம் வேண்டும். வேகத்தைக் காற்றின் இழுவை தின்றுகொண்டே இருக்கும். என்னை மிகவும் வியக்க வைக்கும் கணக்கு இங்கேதான் இருக்கிறது. சீராகப் பறக்கும் விமானத்தின் மீது வரும் இழுவை, அதன் எடையில் பதினேழில் ஒரு பங்கு அளவுதான். அதாவது, நாலைந்து டன் விசையோடு முன்னே தள்ளினால் போதும், எழுபது டன்னுக்கு மேற்பட்ட எடையை இறக்கை சுமந்துகொள்ளும். ஆனால் அந்த உந்துதல் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

உந்துதல் நெருப்பிலிருந்து வருகிறது. ஜெட் இன்ஜினில் எரிந்து விரியும் வாயு டர்பைன் தகடுகளைச் சுழற்றிவிட்டுப் பின்னால் பாய்கிறது. இன்றைய இன்ஜின்களில் அந்த வாயுவின் வெப்பம் 1,500 டிகிரியையும் தாண்டும். தகடு செய்யும் நிக்கல் கலவை அதற்கு முன்பே உருகிவிடக்கூடியது. வெப்பம் மட்டுமா? 300 கிராம் எடையுள்ள தகடு ஒன்று, அச்சிலிருந்து 35 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றினால், அதை வெளியே பிய்க்கப் பார்க்கும் விசை சுமார் 12 டன். சரக்கேற்றிய லாரி ஒன்றைத் தகட்டில் கட்டித் தொங்கவிட்டது போல. உருகும் சூட்டில் இந்த இழுப்பைத் தாங்க, தகட்டுக்குள் நுண்ணிய துளைகள் வழியே குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். மேலே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு செராமிக் பூச்சு போடுகிறார்கள். சிர்கோனியா என்கிற ஆக்சைடு அது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் சிர்கான்தான் இதற்கு மூலப்பொருளான கனிமம். பீங்கான் தொழிலில் கிளேஸ் வெள்ளைவெளேரென்று வருவதற்கு அரைத்துச் சேர்ப்பதும் அதே சிர்கானைத்தான்.

1982 ஜூன் 24 இரவு. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், ஜாவா தீவுக்கு அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் நுழைந்தது. ஈரமில்லாத சாம்பல் வானிலை ரேடாரில் தெரியவில்லை. எரிமலைச் சாம்பல் என்பது அரைத்து வைத்த கிளேஸ் பொடி போன்ற சிலிக்கேட்தான். 1,100 டிகிரி வாக்கில் இளகிவிடும். இன்ஜினுக்குள் அது உருகி, தகடுகளில் படிந்து, காற்று போகும் வழியை அடைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இன்ஜின்களும் நின்றன.

நின்ற பிறகும் விமானம் கல்லாக விழவில்லை. கேப்டன் எரிக் மூடி மூக்கைச் சற்றுத் தாழ்த்திச் சறுக்க விட்டார். சரிவில் இறங்கும்போது எடையின் ஒரு கூறு விமானத்தை முன்னோக்கி இழுக்கிறது. இன்ஜின் தராத வேகத்தைப் புவியீர்ப்பே தந்தது, விலை உயரம். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பதினைந்து கிலோமீட்டர் முன்னே போகலாம். சறுக்கிச் சறுக்கி அது சாம்பல் மேகத்துக்கு அடியில் வந்தது. நெருப்பில்லாத இன்ஜின்கள் இதற்குள் குளிர்ந்துவிட்டன.

சூளையில் ஆறும்போது கிளேஸும் சாமானின் உடலும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் மயிர்க்கோடாக விரிசல் விடும், சில நேரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சூளைக்காரர்கள் அஞ்சும் அந்தக் குறை அன்று அத்தனை உயிர்களையும் காத்தது. தகடுகளில் இறுகிய கண்ணாடி போதுமான அளவு பெயர்ந்து விழுந்தது. ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் இன்ஜின்கள் மறுபடி உயிர் பெற்றன. அவற்றில் ஒன்று மீண்டும் திணற, அதை நிறுத்திவிட்டு, மூன்றை வைத்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். சாம்பல் தேய்த்த முன்கண்ணாடி மங்கிப்போய், வெளியே சரியாகத் தெரியாத நிலையில் நடந்த தரையிறக்கம் அது. விமானத்தில் இருந்த 263 பேரும் பிழைத்தார்கள்.

இன்று எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்க உலகில் ஒன்பது மையங்கள் இருக்கின்றன. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலை வெடித்து, அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி வட இந்தியாவின் வான்வரை வந்தது. ஏர் இந்தியா சில விமானங்களை ரத்து செய்து, அந்தப் பகுதிக்கு மேல் பறந்து வந்தவற்றைச் சோதித்த பிறகே மறுபடி பறக்க விட்டது.