தையல் தெரியட்டும்

கிழிந்த சட்டையைத் தையற்கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் கூலியைக் கேட்பதற்கு முன்பே ஒரு நிபந்தனை வைப்பார்கள்: தைத்தது வெளியே தெரியக் கூடாது. கடைக்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, தெரியத்தான் செய்யும் என்பார். சட்டை வீட்டுக்குத் திரும்பி வந்து சில மாதம் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். பிறகு கரித்துணியாகும், அல்லது பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போய்ச் சேரும். முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்ததைத் தவிர அந்தச் சட்டைக்கு வேறு குறை இருக்காது. காலர் நன்றாக இருக்கும், பட்டன்கள் உறுதியாக இருக்கும். ஒட்டு தெரிந்துவிடுமே என்கிற கூச்சம்தான் அதைக் கழித்துக் கட்டுகிறது. அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டால் உடை, செருப்பு, பை மூன்றையும் வீட்டிலேயே, பயிற்சி இல்லாத கையாலும், இப்போது செய்வதைவிட உறுதியாகச் சரிசெய்ய முடியும் என்பது என் துணிபு.

தெரியாமல் தைப்பது ஒரு பெரிய கலை. உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் ஊர்க்காரர்களான ரஃபூகர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிறார்கள். பூச்சி அரித்த காஷ்மீர் சால்வையில், அதே நிறம், அதே பருமன் உள்ள இழையைத் தேடி எடுத்து, விட்டுப்போன நெசவை ஊசியால் மறுபடி நெய்து கொடுப்பார்கள். எங்கே பழுது இருந்தது என்று உரியவராலேயே காட்ட முடியாது. சிறுவயதிலிருந்து பழகினால்தான் அந்தக் கை வரும். விலைமதிப்பற்ற சால்வைக்கு அது தகும். தினமும் அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் பருத்திச் சட்டைக்கும் அதே தரத்தை எதிர்பார்த்தால், அந்தத் திறமை இல்லாத எல்லோரும் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். நம் வீடுகளில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

மறைக்கும் முயற்சி பழுதையும் சரியாகத் தீர்ப்பதில்லை. சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இழை மெலிந்து வெளிச்சம் ஊடுருவும். தெரியாமல் தைக்க நினைப்பவர் ஓட்டையின் இரு ஓரங்களை மட்டும் இழுத்துச் சேர்ப்பார். துணி சுருங்கும். புதிய நூலின் பலம் முழுவதும் நைந்த ஓரத்தின் மேல் விழும். சில சலவைக்குள் தையலுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கிழியும். மறைக்கும் கவலை இல்லாதவர் ஊசியை ஓட்டையை விட்டுத் தள்ளி, துணி கெட்டியாக இருக்கும் இடத்தில் இறக்கலாம். அங்கிருந்து நெல்மணி நீளத்துக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வந்து, ஓட்டை குறுக்கிடும்போது நூலை அதன் மேல் நேராக விட்டு, எதிர்ப்பக்கத்துக் கெட்டித் துணியில் மறுபடி ஊன்ற வேண்டும். வரிசையின் கடைசியில் திரும்பும்போது நூலைச் சிறு கண்ணியாகத் தளர விட்டால், சலவையில் நூல் சுருங்கினாலும் துணியைப் பிடித்து இழுக்காது. நீள வரிசைகள் முடிந்ததும், ஒரு நூலுக்கு மேல், அடுத்த நூலுக்குக் கீழ் என்று குறுக்கே ஊசியை நுழைத்து வந்தால், பாவும் ஊடுமாக ஒரு சிறு நெசவு ஓட்டை இருந்த இடத்தில் உட்காரும். சுற்றியிருந்த மெலிந்த துணியும் அதோடு சேர்ந்து வலுப்பெறும். தையற்கடைப் பலகையில் டார்னிங் என்று எழுதியிருப்பது இந்த வேலையைத்தான். இதற்கு வேண்டியது பொறுமையும் ஒரு நீள ஊசியும். நூலின் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிறிய நீலச் சட்டைக்கு இணையான நூல் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஏறக்குறைய ஒத்துப்போகிற நீலத்தில் தைத்தால்தான் அது தவறு நேர்ந்ததுபோல் கண்ணை உறுத்தும். மஞ்சளிலோ வெள்ளையிலோ தைத்தால் வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். பருத்திக்குப் பருத்தி நூல்தான் நல்லது. உறுதியான பாலியஸ்டர் நூல் நைந்த பருத்தி இழையை நாளடைவில் அறுத்துவிடும்.

ஜீன்ஸில் தொடை உரசித் தேயும் இடத்துக்கு நூல் மட்டும் போதாது. அங்கே உட்புறம் ஒட்டுத்துணி வைக்க வேண்டும். அந்தத் துணியை முதலிலேயே துவைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது. அதன் மூலைகளை வட்டமாக வெட்டுவது முக்கியம், கூர்மையான மூலையில்தான் இழுவிசை கூடிப் பிரியத் தொடங்கும். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து கால் அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். ஜப்பானியர்கள் இதை ஸாஷிகோ என்கிறார்கள். இன்று உலகெங்கும் அழகுக்காகச் செய்யப்படும் இந்தத் தையல், வறுமையிலும் குளிரிலும் பிறந்தது. ஜப்பானின் வடக்கே உள்ள ஆமோரி பகுதியில் குளிர் அதிகம் என்பதால் பருத்தி விளையாது. விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது என்று ஆட்சியாளர்களின் தடையும் இருந்தது. தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழைய பருத்தித் துணிகளை வாங்கி, துண்டுக்கு மேல் துண்டாக அடுக்கி, நெருக்கமாகத் தைத்து, தாத்தாவின் உடையைப் பேரன் உடுத்தும் அளவுக்கு நீடிக்க வைத்தார்கள். போரோ எனப்படும் அந்த ஒட்டுத்துணிகளை ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களே வெட்கப்பட்டு ஒளித்து வைத்தார்கள். தனாகா சூஸாபுரோ என்ற நாட்டாரியல் ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பிறகு, அவை அருங்காட்சியகப் பொருளாயின. வங்காளத்துக் காந்தா தையலின் கதையும் இதற்கு நெருக்கமானது. நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்துப் போர்வையாக்கினார்கள் அங்குள்ள பெண்கள். இரண்டு இடத்திலும் தையலை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. அடுக்குகளை இறுக்கிப் பிடிக்க எத்தனை வரிசை தேவையோ அத்தனை வரிசை ஓடியது, கோலம் அதன் போக்கில் வந்து சேர்ந்தது.

பைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். பள்ளிப் பையின் தோள்பட்டை பெரும்பாலும் மேல்நுனியில், பையோடு சேரும் தையலில்தான் பிய்க்கும். பிய்ந்த கோட்டின் மேலேயே மறுபடி தைத்தால் பழைய ஊசித்துளைகளால் பலமிழந்த இடத்திலேயே பாரம் விழும். உள்ளே ஒரு கெட்டித்துணி வைத்து, பட்டையைச் சற்று இறக்கி, சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் மெழுகு தடவிய நூலால் தைத்தால் பாரம் பரவிவிடும். ஜிப் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போடப்படும் பைகளில் பலவற்றில் பற்கள் நன்றாகவே இருக்கும். அதை ஓட்டும் ரன்னரின் வாய் அகன்றுபோயிருக்கும். இடுக்கியால் இருபக்கமும் மெதுவாக நெரித்தால் போதும்.

செருப்பும் ஷூவும் இன்னொரு தயக்கத்தைக் கிளப்புகின்றன. ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தால், இரு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டிலும் ரப்பர் பசையை மெல்லியதாகத் தடவி, ஈரம் போய் விரலில் இலேசாக ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்திக் கட்டிவைக்க வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே அழுத்துவதால்தான் வீட்டில் ஒட்டியது இரண்டாம் நாள் பிரிகிறது. வேலை இவ்வளவுதான். ஆனால் சட்டையில் பட்டன் தைக்கிற பலரும் செருப்பைக் கையில் எடுக்க மாட்டார்கள். தோல் வேலையை அருந்ததியர் மக்கள் தலையில் கட்டி, அதைச் செய்வதனாலேயே அவர்களை இழிவாக நடத்திய சமூகம் இது. தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த காலத்தில் காந்தி செருப்புத் தைக்கப் பழகிக்கொண்டார். தாம் தைத்த ஒரு ஜோடியைத் தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் அணிந்திருந்து, 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். தலைவர் ஒருவர் தைத்ததனால் அந்த வேலையின் மேல் சுமத்திய இழிவு நீங்கிவிடவில்லை. அவரவர் செருப்பை அவரவர் எடுத்துத் தைக்கும் வழக்கம் வீடுகளில் வருவது அதை நீக்கும் வேலையில் ஒரு பகுதி என்றே கருதுகிறேன். தெருமுனையில் குடை நட்டு உட்கார்ந்திருப்பவரின் பிழைப்பை இது கெடுக்காது. குத்தூசியும் அச்சும் வேண்டிய வேலைக்கு அவரிடம்தான் போக வேண்டும். தானே ஒருமுறை தைத்துப் பார்த்தவருக்குத்தான் அவர் கேட்கும் கூலி நியாயம் என்பதும் புரியும்.

புதுச் சட்டை முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டையைத் தைப்பது என்ன கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த முந்நூறில் சேராத செலவை நாம் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். திருப்பூர்ப் பனியனின் சாயம் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகி, கீழே இருந்த விளைநிலங்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. ஒரு பருத்தி டீ-சட்டைக்குப் பின்னால் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஓர் உடையைக் கழிப்பதற்கு முன் உடுத்தும் தடவைகள் பதினைந்து ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்துள்ளன. உடைக்காகச் செலவாகும் மூலப்பொருளில் மீண்டும் உடையாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மறுசுழற்சியை நம்பித் துணியைக் கழிப்பதில் பொருளில்லை என்று இதற்கு அர்த்தம். மாறாக, பிரிட்டனின் ராப் அமைப்பு கணக்கிட்டதுபோல, உடையைக் கூடுதலாக ஒன்பது மாதம் உடுத்தினாலே அதன் கரிம, நீர், கழிவுச் சுமைகள் இருபது முதல் முப்பது சதவீதம் குறையும். முழங்கையில் ஒரு டார்னிங் அந்த ஒன்பது மாதத்தைத் தாராளமாக வாங்கித் தரும். பிரான்ஸ் இதை அரசின் கணக்காகவே எடுத்துக்கொண்டது. 2023 நவம்பரில் அங்கே உடை, காலணி பழுதுபார்க்க 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி தரத் தொடங்கினார்கள். பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்பது வழக்கமான பதில். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழந்துணி கேட்பாரற்றுச் சாலையோரம் கிடந்ததை நினைத்துப் பார்த்தால், கிழிந்ததைத் தருவது எவ்வளவு தூரம் தானம் என்பது விளங்கும்.

எல்லாவற்றையும் தைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சில ஷூக்களின் பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரக்காற்றில், அணியாமல் வைத்திருந்தாலே, பொடிப்பொடியாக உதிரும். எந்தப் பசையும் அதைப் பிடிக்காது. முழுவதும் நைந்த பனியனில் ஊசி இறக்க இடமே இருக்காது. நல்ல துணி இன்னும் மிச்சமிருக்கிற பொருளுக்குத்தான் உழைப்பு தகும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இந்த உழைப்பு யார் தலையில் விழும் என்பது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூனில் உடைப் பங்கீடு வந்தது. இருப்பதைத் தைத்துச் சமாளிக்கச் சொல்லி 1943-ல் அரசு ஒரு கையேடே வெளியிட்டது. அந்தப் பிரசாரம் முழுக்க இல்லத்தரசிகளை நோக்கியது. இங்கேயும் அப்படியே ஆனால், வேலைக்கும் போய்ச் சமையலும் செய்கிற பெண்ணுக்கு இன்னொரு கடமை சேரும், அவ்வளவுதான். நம் ஊர்த் தையற்கடைகளில் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆண்கள் ஏராளம். கூலிக்கு என்றால் ஊசி பிடிக்கிற ஆண் கை, வீட்டில் தன் சட்டைக்குப் பிடிக்க மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. உடுத்துபவரே தைக்க வேண்டும். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டால், எனக்குத் தைக்கத் தெரியாது என்ற சாக்கும் போய்விடும்.

எனக்கு மிகவும் சங்கடம் தருகிற ஆட்சேபம் ஒன்று உண்டு. வசதியானவர் ஒட்டுப்போட்ட ஜீன்ஸ் போட்டால் ரசனை என்பார்கள், கூலி வேலைக்காரர் மகன் போட்டால் இல்லாமை என்பார்கள். செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்க விடாத, நல்ல துணி உடுத்தினால் அடித்த கிராமங்கள் உள்ள நாட்டில், கிழியாத புது உடை ஓர் உரிமைப் பிரகடனம். அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் இன்றுவரை சிலைகளில் நிற்பது அதனால்தான். அந்த உரிமையை இப்போதுதான் பெற்றவர்களிடம் போய் ஒட்டுத்துணி உடுத்துங்கள் என்று சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. எனவே முதலில் தையலை வெளியே காட்ட வேண்டியவர்கள், கிழிசலால் யாரும் குறைத்து மதிப்பிட முடியாதவர்கள்: அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், அலமாரி நிரம்பியவர்கள். அவர்கள் மேல் அது சாதாரணமானால், மற்றவர் மேல் அது அடையாளமாக நிற்காது.

இதைத் தொடங்கச் சரியான இடம் பள்ளிக்கூடம். சத்துணவுத் திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிறது. ஓடி விளையாடுகிற பிள்ளையின் முழங்காலில் அது கிழியத்தான் செய்யும். ஒவ்வொரு ஜூன் மாதமும் சீருடையின் நிறம், நீளம், ஷூவின் கறுப்பு வரை விதிகள் சொல்லி அனுப்பும் பள்ளிகள், கிழிந்த இடத்தை வேறு நிற நூலால் தைத்திருந்தாலும் அது முழுச் சீருடைதான் என்று ஒரு வரி சேர்க்கலாம். கைவேலை வகுப்பில் பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே ஊசி நூல் கொடுக்கலாம். பாடம் எடுக்கும் ஆசிரியர் தாமே தைத்த முழங்கையோடு வகுப்புக்கு வரலாம்.