கன்று ஈன்ற எருமை வேட்கைக்கு வராதது ஏன்?

திருகோணமலை மாவட்டத்தில் நெற்செய்கையும் எருமை வளர்ப்பும் நெடுங்காலமாக ஒன்றையொன்று சார்ந்தே நடந்துவந்துள்ளன. பெரும்போக வெள்ளாண்மை வயலில் நிற்குங் காலத்திற் பட்டிகள் காட்டோரத்துக்கும் குளத்தோரத்துக்கும் சாய்க்கப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் அவை மீண்டும் அரிதாளுக்கு இறங்குகின்றன. உழவையும் சூடடிப்பையும் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட இக்காலத்திலும் தயிருக்குப் பாலும், மிளகாய், கத்தரி, வெங்காயத் தோட்டங்களுக்கு எருவும் எருமையே தருகின்றது. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் வயலுடையார் பலர் நாலைந்து எருமைகளையேனும் வைத்திருப்பதற்கு இதுவே காரணமாகும்.

இவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றுண்டு. எருமை கன்று ஈன்று ஓராண்டு கழிந்தும் மீண்டும் சினைப்படவில்லை என்பதே அது. பால் வற்றிவிடுகின்றது, மேய்ச்சற் செலவோ குறைவதில்லை. ஈற்றில் அது மலடெனத் தீர்மானிக்கப்பட்டு, வியாபாரி கேட்ட விலைக்குக் கைமாறிவிடுகின்றது. இவ்வாறு கழிக்கப்படும் எருமைகளுட் பல உண்மையில் மலடல்ல. அவற்றின் உடல் காத்திருக்கின்றது. எதற்காகக் காத்திருக்கின்றது என்பதை அறிந்துகொண்டால் அதனை விரைவாக மீட்டெடுக்க உங்களால் இயலும்.

சூலகத்தை ஆளும் ஓமோன்கள்

பசு, எருமை, ஆடு முதலிய பாலூட்டிகளின் கருப்பைக்கு இரு பக்கமும் இரு சூலகங்கள் உள. ஒரு நாகு பிறக்கும்போதே பல்லாயிரம் முட்டைகளின் வித்துக்கள் அதன் சூலகங்களில் அடங்கியிருக்கின்றன. பின்னர் அவை புதிதாக உண்டாவதில்லை. உள்ளவற்றுட் சில அவ்வப்போது வளரத் தொடங்குகின்றன. முட்டையைச் சூழ்ந்து நீர் நிரம்பிய கொப்புளம் போன்ற ஒரு பை உண்டாகின்றது. இதனைப் புடைப்பு என்பர். பல புடைப்புக்கள் ஒருங்கே வளரினும் பொதுவாக ஒன்றே முதிர்ந்து வெடித்து முட்டையை வெளிவிடுகின்றது. இதுவே சூல் வெளியேற்றமாகும்.

இவ்வேலையைச் சூலகம் தன் விருப்பப்படி செய்வதில்லை. குளத்து நீர் வயலுக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். வட்டவிதானையின் உத்தரவின்றி மதகு திறக்கப்படுவதில்லை. மதகு திறவாது வாய்க்காலில் நீரில்லை. எருமையின் மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி வட்டவிதானையைப் போன்றது. அதற்குக் கீழே தொங்கும் அவரை விதையளவான கபச் சுரப்பி மதகினைப் போன்றது. பரிவகக்கீழிலிருந்து ஒரு விடுவிக்கும் ஓமோன் சிறுசிறு துடிப்புக்களாக வெளிப்பட்டுக் கபச் சுரப்பியைத் தூண்டுகின்றது. அச்சுரப்பி குருதியில் இரண்டு ஓமோன்களைச் செலுத்துகின்றது. ஒன்று புடைப்பை வளர்ப்பது. மற்றையது முதிர்ந்த புடைப்பை வெடிக்கச் செய்வது. அந்த விடுவிக்கும் ஓமோனின் அமைப்பு, பெருந்தொகையான பன்றிகளின் மூளைகளைப் பிழிந்து ஆராய்ந்த பின்னரே, 1971ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஷாலி குழுவினரால் அறியப்பட்டது. ஷாலி, ரோஜர் கில்மன் ஆகிய இருவரும் இத்துறை ஆராய்ச்சிக்காக 1977இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று கால்நடை வைத்தியர் போடும் ஊசிகளுள் ஒன்று இவ்வோமோனைப் போலச் செயற்கையாக ஆக்கப்பட்டதேயாகும்.

வளரும் புடைப்பு ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. இது குருதியில் மிகும்போது எருமை வேட்கை கொள்கின்றது. கருப்பையின் கழுத்து இளகி, கண்ணாடி போன்ற தெளிந்த சளி வடிகின்றது. அதே ஈஸ்திரசன் மூளைக்கும் செய்தி அனுப்ப, கபச் சுரப்பியிலிருந்து வெடிக்கச் செய்யும் ஓமோன் பெருக்கெடுக்கின்றது. ஏறக்குறைய ஒரு நாளின் பின் முட்டை வெளியேறுகின்றது.

வெடித்த புடைப்பு வீணாய்ப் போவதில்லை. அவ்விடத்தே மஞ்சட் சடலம் எனப்படும் ஒரு திரட்சி உண்டாகிப் புரோஜெஸ்தரோன் என்னும் வேறோர் ஓமோனைச் சுரக்கின்றது. கருப்பையைக் கருவுக்கு ஏற்றவாறு பதப்படுத்துவதும், கரு வளருங் காலத்தில் வேறு முட்டை வெளியேறாதவாறு தடுப்பதும் இதன் தொழில்களாம். மதகைப் பூட்டி வைப்பது இதுவே.

ஏறக்குறைய பதினாறாம் பதினேழாம் நாளிற் கருப்பை ஒரு கணக்கெடுப்பை நடத்துகின்றது என்று சொல்லலாம். உள்ளே கருவிருப்பின், அவ்விளங்கரு ஒரு புரதத்தைச் சுரந்து தன் இருப்பை அறிவிக்கின்றது. மஞ்சட் சடலம் காப்பாற்றப்படுகின்றது. கருவில்லையாயின் கருப்பை புரொஸ்டாகிளான்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சட் சடலத்தை அழித்துவிடுகின்றது. பூட்டு நீங்குகின்றது, அடுத்த புடைப்பு முதிர்கின்றது. பசுவும் எருமையும் சுமார் இருபத்தொரு நாளுக்கொருமுறை வேட்கைக்கு வருவது இதனாலாகும். ஒரு வேட்கையைக் காணாது விட்டால் மூன்று கிழமைப் பால் போய்விட்டது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஈன்ற பின் பூட்டு ஏன் திறப்பதில்லை?

கன்று ஈன்றதும் கருப்பை சுருங்கித் தன் பழைய அளவை அடைவதற்கு ஒரு மாதமோ சற்று மேலோ செல்லும். அதன் பின்னரும் எருமை அமைதியாக இருப்பின், பொதுவாகக் குறை கருப்பையில் இல்லை; சூலகத்திலும் இல்லை. பரிவகக்கீழே உத்தரவு பிறப்பிக்காதிருக்கின்றது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கன்று பாலூட்டல். கன்று மடியை முட்டி ஊட்டும் ஒவ்வொரு தடவையும் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி செல்கின்றது. கன்றின் மணமும் அது அருகில் நிற்பதும்கூட இச்செய்தியை வலுப்படுத்துகின்றன. இதனால் விடுவிக்கும் ஓமோனின் துடிப்புக்கள் அடங்கிவிடுகின்றன. புடைப்புக்கள் வளரத் தொடங்கினும் முதிராது கரைகின்றன. கையிலொரு பிள்ளை இருக்க மற்றொன்றைச் சுமப்பது தாய்க்கும் கன்றுக்கும் ஆபத்தென இயற்கை வகுத்த காவல் இது. காட்டெருமைக்கு இக்காவல் நன்று. தயிர் விற்றுக் கடனடைக்க வேண்டிய கமக்காரருக்கோ இது நட்டம்.

இது வெறும் ஊகமன்று. 1980களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், பேராசிரியர் ஒஸ்வின் பெரேரா முதலியோர், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன் நம் நாட்டு எருமைகளை ஆராய்ந்தனர். அணுசக்திக்கும் எருமைக்கும் என்ன தொடர்பென நீங்கள் வியக்கலாம். பாலிலும் குருதியிலும் உள்ள புரோஜெஸ்தரோன் மிகமிகச் சொற்பமானது. சாதாரண முறைகளால் அளக்க முடியாதது. கதிர்வீசும் அணுக்களைக் கொண்டு அதனை அளக்கும் முறையொன்று உண்டு. மாட்டைத் தொடாமலே சில துளிப் பாலைக் கொண்டு, மஞ்சட் சடலம் அதனுள் இருக்கின்றதா இல்லையா என்று அதனாற் சொல்லிவிடலாம். கன்று நாள் முழுதும் தாயுடன் திரிந்து ஊட்டிய எருமைகளிற் சூலகம் நெடுநாள் உறங்கிக் கிடந்ததும், ஊட்டல் கட்டுப்படுத்தப்பட்டபோது அது முன்னதாகவே விழித்ததும் இவ்வாறு தெளிவாயின.

இரண்டாவது காரணம் உடல் மெலிவு. உடம்பிற் சேமிப்பில்லாத எருமையின் மூளை புதிய கருவுக்கு இடங்கொடாது. வரட்சிக் காலத்தில், சிறுபோகமும் பொய்த்து, காய்ந்த புல்லையே கடித்துத் திரிந்த எருமை கன்று ஈனுமாயின், ஈனும் நாளிலேயே அதன் இருப்புத் தீர்ந்துவிடுகின்றது. பின்னர் பால் சுரப்பதற்கு எலும்பைத்தான் கரைக்கவேண்டும். மழைக்குப் பின் புல் தழைக்குங் காலத்திலே பட்டியிற் பல எருமைகள் ஒருங்கே வேட்கை கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் மூளை மேய்ச்சல் நிலத்தைப் படித்துக்கொண்டே இருக்கின்றது.

நீங்கள் செய்யத்தக்கவை

தீனியை ஈன்ற பின் கொடுக்கத் தொடங்குவதே பலருடைய வழக்கம். அது தாமதமானது. ஈனுவதற்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களிற் கொடுக்கப்படும் தவிடும், தேங்காய்ப் புண்ணாக்கும், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைத் தழையும் ஈன்ற பின் கொடுப்பவற்றிலும் மிகுந்த பலன் தரும். விலா எலும்புகள் தூரத்திலிருந்தே எண்ணத்தக்கவாறு தெரியுமாயின் அவ்வெருமை இன்னும் ஆயத்தமாகவில்லை. வைக்கோலை எரித்துவிடாது போர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வைக்கோல் மட்டும் வயிற்றை நிரப்புமே யன்றி உடம்பைத் தேற்றாது. உப்பும் தாதுக் கலவையும் சிறிதளவேனும் நாடோறும் கிடைக்க வேண்டும்.

கன்றுக்கு முதற் சீம்பால் தவறவே கூடாது. முதற் சில கிழமைகளில் அது வேண்டிய அளவு குடிக்கட்டும். அதன் பின், காலையும் மாலையும் பால் கறக்கும் வேளையில் மாத்திரம் ஊட்டவிட்டு, மற்றை நேரங்களிற் தாயின் கண்ணிற் படாத வேறிடத்திற் கட்டிவையுங்கள். கன்றுக்கு இளம்புல்லும் சிறிது தவிடும் பழக்குங்கள். கன்றை முற்றாக வஞ்சித்துப் பாலைப் பெருக்கும் வழக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது; பட்டினி கிடந்த கன்று செத்தால் தாய் பாலை அடக்கிக்கொள்ளும்; நாளைய பட்டியும் இல்லையாகும்.

எருமையின் வேட்கை பசுவினுடையதைப் போல ஆரவாரமானதன்று. பசு கத்தும், மற்றை மாடுகள் மேலேற அசையாது நிற்கும். எருமைகள் ஒன்றின்மேலொன்று ஏறுவது அரிது. பெரும்பாலும் இரவிலும் விடியற்புறத்திலுமே அறிகுறிகள் தோன்றுகின்றன. பகலில் வெயிலேறியதும் அடங்கிவிடுகின்றன. ஆகையால் விடியுமுன் ஒருமுறையும் பொழுதுபட்ட பின் ஒருமுறையும் பட்டிக்குச் சென்று பாருங்கள். அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாலைச் சற்று உயர்த்தி வைத்தல், பெண்குறி தடித்துச் சிவத்தல், கறவையில் திடீரெனப் பால் குறைதல், படுத்தெழுந்த இடத்திற் சளி கிடத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். பட்டியில் நாம்பன் உண்டாயின் அது எதனைச் சுற்றுகின்றதென்பதே நம்பத்தக்க அடையாளம். கடும் வெயிலும் வேட்கையை மறைப்பதால், எருமைக்கு நிழலும் புரள்வதற்குச் சேற்று நீரும் அவசியம்.

செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு நேரமே உயிர். பசுவில் முட்டை வெளியேறுவது வேட்கை தொடங்கி ஏறக்குறைய ஒரு நாளின் பின்னரே. வெளியேறிய முட்டை அரை நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவிக்க வேண்டும். எருமைக்கும் இவ்விதி பொருந்தும். ஆயினும் தொடக்கம் எளிதிற் தெரியாமையால் அதிற் பிழை நேர்வது அதிகம். சளி வடிந்ததைக் கண்ட நேரத்தைச் சினைப்படுத்துபவருக்குச் சரியாகச் சொல்லுங்கள். “நேற்றோ முந்தாநாளோ” என்று சொல்வதால் ஒரு பயனுமில்லை.

ஊசியைப் பற்றி

வேட்கைக்கு வராத எருமைக்கு ஊசி போட்டாற் போதும் என்று கருதுவோர் பெருகியுள்ளனர். ஊசி பயனுடையதே. ஆனால் ஒவ்வோர் ஊசியும் ஒவ்வொரு வேலையே செய்யும். புரொஸ்டாகிளான்டின் ஊசி மஞ்சட் சடலத்தை அழிப்பது. சூலகத்தில் மஞ்சட் சடலம் இல்லாத எருமைக்கு அதனாற் பயனில்லை. மஞ்சட் சடலம் இருந்தும் வேட்கை புலப்படாத எருமைக்கோ அது நன்றாக வேலை செய்யும். சூலகம் உறங்கிக் கிடக்கும் எருமைக்குப் புரோஜெஸ்தரோன் ஊறிய கருவியொன்றைச் சில நாள் யோனியில் வைத்து எடுப்பர்; எடுத்ததும் மூளை விழித்துக்கொள்வதுண்டு. மெலிந்த எருமையில் இவை எல்லாம் பெரும்பாலும் வீண் செலவே.

இன்னொன்றை மறவாதீர்கள். சினையான எருமைக்குப் புரொஸ்டாகிளான்டின் ஊசி போடப்பட்டால் மஞ்சட் சடலம் அழிந்து கருச்சிதைவு ஏற்படலாம். பட்டியில் நாம்பனுடன் திரிந்த எருமை உங்களுக்குத் தெரியாமலே சினைப்பட்டிருக்கக் கூடும். ஆதலால் வைத்தியர் கைவிட்டுப் பரிசோதித்துச் சினையில்லை என்று உறுதிசெய்யாது இவ்வூசியைப் போடுவிக்க உடன்படாதீர்கள். மிச்சமான மருந்தை வாங்கி வீட்டில் வைத்திருத்தலும் ஆகாது. அது தோலின் வழியாகவும் உட்செல்லக்கூடியது. கருவுற்ற பெண்களும் முட்டு வருத்தமுடையோரும் அக்குப்பியைத் தொடவே கூடாது.

எருமையிடம் ஆண்டுக்கொரு கன்றை எதிர்பார்த்தல் மிகையாகும். அது பத்து மாதத்துக்கு மேல் சினை சுமப்பது. பதினான்கு, பதினைந்து மாதத்துக்கு ஒன்று கிடைப்பின் உங்கள் பராமரிப்பு நன்றென்று கொள்ளலாம். கன்று ஈன்று மூன்று மாதங் கடந்தும் வேட்கை காணப்படாத எருமையை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். அப்போது ஈன்ற திகதி, இளங்கொடி தானாக விழுந்ததா, கன்று எத்தனை வேளை ஊட்டுகின்றது, சளி கண்ட நாட்கள், நாம்பன் சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி உடன் கொண்டு செல்லுங்கள். சினைப்படுத்தப்பட்ட எருமையை இருபதாம் நாள் தொடக்கம் இருபத்துநாலாம் நாள் வரை மறுபடியும் விடியுமுன் சென்று பாருங்கள். அந்நாட்களில் வேட்கை திரும்பாவிடில், இரண்டு மாதங் கழித்துச் சினைப் பரிசோதனை செய்வித்துக்கொள்ளலாம்.