பழைய காரின் உண்மை அடையாளம்

நேயர்களே, மோட்டார் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் பல வீடுகளில் இருப்பார்கள். அவர்களையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கொவென்ட்ரி நகரத் தொழிற்சாலையில் உருவான ஜாகுவார் ஈ-டைப் கார், 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1974 வரை 70,000க்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஆக முந்திய கார்களுக்கே இன்று மதிப்பு மிகுதி. மதிப்பு மிகுந்த இடத்தில் வேஷமும் புகும் அல்லவா? பிந்திய காரை முந்தியதாக மாற்றி விற்போரும் உண்டு.

முதலில் வந்த சுமார் 500 கார்களில் என்ஜின் மூடியின் பூட்டுகள் வெளிப்புறத்தில் இருந்தன. தனிச் சாவி கொண்டு திறக்க வேண்டும். பிறகு அதற்கான கைப்பிடிகளைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 1962 தொடக்கம் வரை காரின் தரையும் தட்டையாக இருந்தது. உயரமானவர்கள் கால் நீட்ட முடியாமல் அவதிப்படவே, கால் வைக்கும் இடத்தைப் பள்ளமாக்கினார்கள்.

வெளிப்பூட்டைப் பிற்காலத்திலும் பொருத்திவிடலாம். ஆனால், உள்ளே கைப்பிடி இருந்த துளைகளை அடைத்த தடம் எங்கே போகும்? பால்மரத்தில் பட்டை மீண்டும் வளர்ந்தாலும், பழைய காயம் எங்கே என்று பால்வெட்டுபவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். இதுவும் அப்படித்தான். மூடியின் மேல் சூடான காற்று வெளியேறும் பிளவுகளையும் கவனிக்க வேண்டும். முந்திய கார்களில் அந்தப் பகுதியைத் தனித்தகடாகச் செய்து பற்றவைத்தார்கள். பிந்தியவற்றில் மூடித் தகட்டிலேயே அச்சழுத்தினார்கள்.

துருப்பிடித்த தரையை மாற்றுவது மோசடியல்ல. ஈரமான நாட்டில் ஓடிய வண்டிக்கு அது வைத்தியம். மாற்றியதை மறைத்து, மாற்றாத விலை கேட்பதுதான் குற்றம்.

இனி எண்கள். என்ஜின் எண், எண்ணெய் வடிகட்டிக்கு மேலே சிலிண்டர் பிளாக்கிலும், சிலிண்டர் தலையின் முன்புறத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். தொடக்கக்கால 3.8 லிட்டர் என்ஜினின் எண் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் என்ஜினுக்கு ‘7ஈ’ என்று தொடங்கும். ஆகவே, 1961ஆம் ஆண்டுக் காரில் ‘7ஈ’ இருந்தால், என்ஜின் பிறகு வந்து குடியேறியது என்று தெரிந்துவிடும். வண்டியின் எண் முன்சட்டத்தில் இருக்கும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள திறந்த கார்களுக்கு அது 850001இல் தொடங்கியது.

ஜாகுவார் நிறுவனத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து, கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறலாம். எந்த எண்ணுள்ள என்ஜின், என்ன நிறம், எப்போது கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். அந்தத் தாளில் உள்ள கார்தான் கண்முன் நிற்கிறதா என்பதை, கைவிளக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் துணியும் எடுத்துக்கொண்டு, குனிந்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.