வந்தாளோ, வந்ததோ: மர்ம நாவல் மொழிபெயர்ப்பில் திணை, பால் ஐயம்

1. முன்னுரை

குற்றப் புலனாய்வையும் அமானுட அச்சத்தையும் ஒருங்கே கொண்டு செல்லும் நாவல் ஓர் ஐயத்தின்மீது எழுப்பப்படுவதாகும். நிகழ்ந்த கொலைக்குக் காரணம் மனிதரா, மனிதருக்கு அப்பாற்பட்ட ஆற்றலா என்னும் வினா இறுதி இயல்வரை விடையின்றி நிற்றல் வேண்டும். விடை முன்னரே வெளிப்படுமாயின் புலனாய்வும் பொருளிழக்கும், அச்சமும் கலையும். மலையாளத்தில் இயல்பாகக் காக்கப்படும் இவ்வையம் தமிழாக்கத்தில் ஒரு வினைமுற்றின் விகுதியால் தீர்ந்துபோகும் இடர் உண்டு. அவ்விடரின் இயல்பையும், அதனைக் களையத் தமிழ் இலக்கணத்துள்ளேயே அமைந்துள்ள வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்வுக்கு ஏற்ற களம் தனுவச்சபுரமும் அதனைச் சூழ்ந்த எல்லை ஊர்களும் ஆகும். பாறசாலைக்கு அருகில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த ஊர் இது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் இருபுறத்து மக்களின் பேச்சும் நம்பிக்கையும் கதைகளும் தொடர்பு அறாமலே உள்ளன. ஒரே கதையை இரு மொழிகளிலும் கேட்டு வளர்வோர் வாழும் பகுதி என்பதால், ஒரு மொழி மறைப்பதை மற்றொன்று எவ்வாறு வெளிப்படுத்திவிடுகிறது என்பதனை இங்குத் தெளிவாக உணரலாம்.

2. நீலி கதையும் வழக்கு விசாரணையும்

குற்றமும் அமானுடமும் இணையும் கதைமரபு மேனாட்டு நாவல்வழி நமக்கு வந்தது எனக் கருதுதல் பொருந்தாது. நீலி கதை இதற்குப் பழைய சான்றாகும். தொண்டை நாட்டில் இது பழையனூரோடும் திருவாலங்காட்டோடும் தொடர்புபடுத்திக் கூறப்படுகிறது. தென் திருவிதாங்கூரில் கள்ளியங்காட்டு நீலி, பஞ்சவன்காட்டு நீலி என இதுவே வழங்குகிறது. கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் பேயாகி, வணிகனாகப் பிறந்த அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறாள். அவையோர் அவள் கூற்றை நம்பி, வணிகனின் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என உறுதி கூறுகின்றனர். மறுநாள் அவன் இறந்து கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபது வேளாளர் தீப்புகுந்தனர் என்பது பழையனூர்க் கதைவடிவம்.

இக்கதையில் வாதி, பிரதிவாதி, சான்று, பிணை, தீர்ப்பு ஆகிய அனைத்தும் உள்ளன. வணிகன் அவளைப் பேய் என்கிறான். அவையோர் பெண் என்கின்றனர். வழக்கின் முடிவு இவ்விரு பெயர்களுள் எதனை ஏற்பது என்பதனைப் பொறுத்ததாகிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இந்நீலியைச் சமண முனிவரால் மனம் மாறியவளாகவும், பிற சமயத்தாரை வாதில் வெல்பவளாகவும் படைத்தது. அச்சத்திற்குரியவளே அளவை நூல்வழி ஆராய்பவளாகவும் மாறுதல் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

3. மார்த்தாண்டவர்மா நாவலில் மர்மக் கூறு

சி.வி. இராமன்பிள்ளை (1858–1922) இயற்றிய 'மார்த்தாண்டவர்மா' 1891-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலாகப் போற்றப்படும் இதன் கதைப்பின்னலில் மர்மக் கூறு முதன்மையான இடம் பெறுகிறது. பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடக்கும் இளைஞனைக் காட்டிக் கதை தொடங்குகிறது. இறந்ததாகக் கருதப்படும் அனந்தபத்மநாபன் பித்தனாகிய சாந்நானாகவும் வேறு கோலங்களிலும் உலவுகிறான். தாக்கியவர் யார், ஏவியவர் யார், உலவுபவன் யார் என்பன படிப்படியாகவே புலனாகின்றன. அக்காட்டைப் பற்றிய யட்சிக் கதையும் நாவலுள் இடம்பெறுகிறது.

இங்கு யட்சி பற்றிய அச்சம் வெறும் அணியாக நிற்கவில்லை. ஒரு காட்டில் யட்சி உறைகிறாள் என்று ஊர் நம்புமாயின், அங்கு நிகழும் கொலைக்கு மனிதரைத் தேட எவரும் முற்படார். குற்றவாளிக்கு அந்நம்பிக்கையே மறைவிடம். எனவே மொழிபெயர்ப்பாளர் யட்சிக் கதையின் அச்சத்தைக் குறைத்துவிட்டால் குற்றம் மறைவதற்குரிய காரணம் இல்லாமற் போகும். மிகுத்துவிட்டால் குற்றம் வெளிப்படுவதற்கு வழியில்லாமற் போகும். இந்நாவல் 1954-ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்துள்ளது. ஆயினும் இக்கட்டுரையில் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் எந்நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை.

4. வினைமுற்று வெளிப்படுத்தும் மறைபொருள்

ஏ.ஆர். இராசராசவர்மா தம் 'கேரளபாணினீயம்' என்னும் இலக்கண நூலில் (1896, திருத்திய பதிப்பு 1917) தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்டமைக்கு ஆறு நயங்களைக் கூறினார். அவற்றுள் ஒன்று புருஷபேத நிராசம், அதாவது வினைமுற்றில் இட வேறுபாடு காட்டும் விகுதிகளைக் கைவிடுதல். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எனப் பிரியும் இடமெல்லாம் மலையாளத்தில் 'வந்நு' என்னும் ஒரே வடிவம் நிற்கும்.

பின்வரும் மலையாளத் தொடர்களைக் காண்க:

ராத்ரி வந்நு. வாதிலில் முட்டி. ஒந்நும் மிண்டாதெ போயி.

இரவில் வந்தமை, கதவைத் தட்டியமை, ஒன்றும் பேசாது சென்றமை ஆகிய மூன்று செய்திகளும் கூறப்பட்டன. வந்தது ஆணா, பெண்ணா, பேயா என்பது கூறப்படவில்லை. மறைக்க முயன்றதாகவும் தோன்றவில்லை. தமிழிலோ மூன்று வினைகளும் மூன்று முறை விடை கேட்கின்றன. 'வந்தாள்' எனின் யட்சியோ பெண்ணோ ஆகும். வேடமிட்ட ஆண் விலக்கப்படுவான். 'வந்தான்' எனின் யட்சி விலக்கப்படும். 'வந்தது' எனின் படிப்பவர் உடனே பேயை நினைவர்.

இவ்விடரைத் தவிர்க்கச் செயப்பாட்டு வினையையும் தொழிற்பெயரையும் நாடுவது வழக்கம். 'இரவில் கதவு தட்டப்பட்டது. பேச்சு எழவில்லை. காலடி ஓசை அகன்றது' என மொழிபெயர்த்தால் திணையும் பாலும் மறையும். எனினும் மூலத்தில் இல்லாத சான்று ஒன்று இங்குப் புகுந்துவிடுகிறது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நம்மவர் நம்பிக்கை. காலடி ஓசை கேட்டது என்று எழுதிய அளவிலேயே வந்தவர் மனிதர் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் சாட்சி கூறியவர் ஆகிறார். புலனாய்வுக் கதையில் ஒவ்வொரு சொல்லும் தடயமாகலாம் ஆதலின், நடைக்காகச் சேர்க்கப்படும் சொல்லும் தடயமாகவே படிக்கப்படும்.

5. ஐயக்கிளவி பற்றிய இலக்கண விதிகள்

இச்சிக்கலைத் தொல்காப்பியர் முன்னரே எண்ணியுள்ளார் என்பது வியப்பிற்குரியது. சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் ஐயத்தை எவ்வாறு சொல்வது என்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. உயர்திணை எனத் தெரிந்து, ஆணோ பெண்ணோ என ஐயுறும்போது பன்மையாற் கூறுதல் ஒரு விதி. உயர்திணையோ அஃறிணையோ என ஐயுறும்போது 'உரு' என்னும் பொதுச்சொல்லாலோ அஃறிணை வாய்பாட்டாலோ கூறுதல் மற்றொரு விதி. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ ஆளோ என ஐயுறுவதனை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். ஐயம் தீர்ந்தபின் அல்லாததனை விலக்கிக் கூறும் முறை அடுத்து வருகிறது. ஐயுறுதல், ஆராய்தல், அல்லாததை விலக்கல், துணிதல் என்னும் புலனாய்வின் படிமுறைக்கு இவ்விதிகள் பொருந்தி வருதல் கருதத்தக்கது.

இவற்றை இன்றைய மொழிபெயர்ப்பில் கையாளும்போது இரண்டினை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, பன்மை விதி இன்று முழுமையாகப் பயன்படாது. 'யாரோ வந்தார்' என்பதில் உள்ள ஆர் விகுதி இக்காலத்தில் மரியாதைப் பொருளே தருகிறது. இரவில் கதவைத் தட்டிய கொலைஞரை 'வந்தார்' என்று அஞ்சி நிற்கும் பாத்திரம் கூறுமாயின் நகைப்பிற்கு இடமாகும். மேலும் 'யாரோ' என்னும் சொல் உயர்திணையை முன்னரே உறுதி செய்துவிடுகிறது.

இரண்டாவது, 'உரு' விதி கண்டவர் கூற்றுக்கே பொருந்தும். 'ஓர் உருவம் வந்தது. கதவைத் தட்டியது' என்பது ஐயத்தைக் காக்கும். ஆனால் யாரோ ஒருவர் அதனைக் கண்டார் எனவும் உணர்த்தும். அறையினுள் இருந்து ஓசை மட்டும் கேட்டவரின் கூற்றில் 'உருவம்' என்று எழுதுவது பொய்ச்சான்று ஆகும். அங்குச் செயப்பாட்டு வினையே ஏற்றது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டிய வினா 'வந்தது யார்' என்பதன்று. 'இதனைக் கூறுபவர் எதனை அறிந்தவர்' என்பதே.

6. பெயர் தரும் திணை

தெய்வங்களின் பெயர்கள் உயர்திணை முடிபு பெறும் என்பது தொல்காப்பியர் கருத்து. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையாக நன்னூல் கொள்கிறது. வழக்கிலோ 'பேய் வந்தது' என்றும் 'இசக்கி வந்தாள்' என்றும் கூறுகிறோம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு நேர்ச்சை செய்பவர் இசக்கியைப் பேய் எனச் சொல்லத் துணியார். மலையாள மூலத்தில் வரும் 'யக்ஷி' என்னும் ஒரு சொல்லைப் பேய் என்பதா, யட்சி என்பதா, இயக்கி என்பதா, இசக்கி என்பதா எனத் தேர்வதிலேயே திணையும், அச்சமா வழிபாடா என்னும் மனநிலையும் முடிவாகிவிடுகின்றன. மலையாற்றூர் இராமகிருஷ்ணனின் 'யக்ஷி' (1967) என்னும் நாவல் மனைவியை யட்சியோ என ஐயுறும் ஒருவனைப் பற்றியது. அதில் பெண்ணையும் யட்சியையும் ஒரே வினைவடிவம் தாங்குகிறது. தமிழில் யட்சி என்னும் சொல்லை அவ்வாறே கொண்டு 'வந்தாள்' என முடிப்பது இங்கு ஐயத்தைக் காக்கும். 'பேய்' என்பது அதனைக் கெடுக்கும்.

தமிழ் மூலங்களிலும் இத்திணை வேறுபாடு பயன்படுத்தப்பட்டுள்ளது. இந்திரா சௌந்தர்ராஜனின் (1958–2024) 'விட்டுவிடு கருப்பா' ஓர் ஊரில் நிகழும் மரணங்களுக்குக் கருப்பசாமியே காரணமோ என ஆராயும் கதை. 1990களின் பிற்பகுதியில் 'மர்ம தேசம்' தொடரில் தொலைக்காட்சிக்கு வந்தபோது அது 'விடாது கருப்பு' எனப் பெயர்பெற்றது. முதற்பெயரில் கருப்பன் விளியேற்கும் உயர்திணை. இரண்டாவதில் 'விடாது' என்னும் முற்றால் அஃறிணை. வேண்டுவோர் கூற்றும் அஞ்சுவோர் கூற்றும் இவ்வாறு வேறுபடுகின்றன. மலையாளத்தில் 'விடில்ல' என மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு முற்றும் மறையும். ஆகவே இழப்பு இருவழியிலும் நேர்வதே.

7. கேள்விச் செய்தியும் போலி ஒற்றுமையும்

யட்சி பற்றிய செய்தி பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டதாகவே வரும். கேள்விச் செய்தியைத் தமிழ் 'ஆம்' இடைச்சொல்லால் காட்டும்: வந்ததாம், கொன்றதாம். மலையாளம் 'அத்ரே', 'போலும்' ஆகியவற்றால் காட்டும். மலையாளத்தில் 'வராம்' என்பது வரலாம், வருகிறேன் என்னும் பொருளது. தமிழின் 'வருமாம்' என்பதனோடு அதற்குத் தொடர்பில்லை. தொடரின் இறுதியில் வரும் மலையாளப் 'போலும்' பிறர் கூற்றினை நம்பாத குறிப்போடு எடுத்துரைக்கும். தமிழ்ப் 'போலும்' பேசுபவரின் சொந்த ஊகத்தைக் காட்டும். எனவே 'யக்ஷி கொந்நு போலும்' என்பதனை 'யட்சி கொன்றாள் போலும்' என மாற்றினால், வதந்தியை நம்பாதவர் அதனை ஊகித்தவராக மாறிவிடுவார். 'யட்சி கொன்றாளாம்' என்பதே மூலக்கருத்துக்கு அணித்தானது. வடிவம் ஒத்திருப்பதால் எல்லைப் பகுதியில் இருமொழியும் அறிந்தோரே இவ்விடத்தில் தவறுதற்கு வாய்ப்பு மிகுதி.

8. முடிவுரை

ஆய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஐயத்தைக் காக்கும் பொறுப்பு மலையாளத்தில் பெரிதும் மொழியமைப்பிடமே உள்ளது. தமிழில் அது மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேர்கிறது. கண்டவர் கூற்றுக்கு உருவம் என்னும் அஃறிணை வாய்பாடும், கேட்டவர் கூற்றுக்குச் செயப்பாட்டு வினையும், பிறர் சொல்லக் கேட்டதற்கு ஆம் இடைச்சொல்லும் ஏற்றவை. நம்புவோர் கூற்றில் 'வந்தாள்' என வருதல் தகும். அவ்விகுதி ஆசிரியர் கூற்றுக்குப் பரவாமற் காத்தல் வேண்டும்.

இது கதைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. எல்லைப் பகுதியில் தமிழ் பேசும் சாட்சி ஒருவர் 'இரவில் வந்தாள்' என்று கூறியதனை மலையாளத்தில் 'ராத்ரி வந்நு' என எழுதிக்கொண்டால், அவர் கண்டது பெண் என்னும் செய்தி ஏட்டில் இராது. மலையாளம் பேசுபவர் பாலினம் கூறாது சொன்னதனைத் தமிழில் 'வந்தான்' என எழுதினால், அவர் கூறாத ஒன்று அவர் கூற்றாக ஏட்டில் ஏறிவிடும். பழையனூர் அவையோர் கண்முன் நின்றதனைப் பெண்ணென்றே துணிந்து தீர்ப்பளித்தனர். அத்துணிவுக்குத் தம் உயிரையே ஈடாகத் தந்தனர். ஐயத்திற்குரியதனை ஐயமாகவே எடுத்துரைத்தல் மொழிபெயர்ப்பாளர்க்கும், வாக்குமூலம் எழுதுவோர்க்கும் ஒப்ப உரிய கடமையாகும்.